உரகாமி ஊரார் சரித்திரம்

தேச சரித்திரம் பயில்வோர் பெரும்பாலும் அரசர் பெயரையும் போர் நிகழ்ந்த ஆண்டையும் நெட்டுருப் பண்ணுவதோடு அமைந்துவிடுகின்றனர். உழுதுண்டு வாழ்ந்த ஒரு சிற்றூரார் தமக்கு நேர்ந்த பேரிடரை எங்ஙனம் தாங்கினர், தாங்கியபின் அயலார்க்கு என் செய்தனர் என்பது பாடப் புத்தகத்தில் ஒரு வரியும் பெறுவதில்லை. யாம் வகுப்பில் ஜப்பான் தேசத்தைப் பற்றிக் கூறுங்கால், நாகசாகி என்றவுடன் மாணாக்கர் ஒருவாய்ப்பட அணுகுண்டு என்பர். அதற்கு முன்னும் பின்னும் அவ்விடத்தில் மக்கள் வாழ்ந்தனர் என்பது அவர் நினைவில் எழுவதில்லை. ஆதலின், அந்நகரை ஒட்டிய உரகாமி என்னும் ஊரின் கிறிஸ்தவ சபையார் வரலாற்றைச் சங்கத்து அன்பர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறியுமாறு ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நாகசாகித் துறைமுகத்துக்கு வடக்கே, அதே பெயருடைய ஓர் ஆற்றின் பள்ளத்தாக்கில் அமைந்தது உரகாமி. பழைய நகருக்கும் இதற்கும் இடையே மலைகள் நிற்கின்றன. இம்மலைகளைப் படிப்போர் நினைவில் வைத்தல் வேண்டும். பின்னர் இவை ஒரு பெரிய காரியத்துக்கு ஏதுவாயின.

நம் முத்துக்குளித்துறைப் பரதவரிடையே 1542ஆம் ஆண்டு முதல் உழைத்த சவேரியாரே ஜப்பானில் கிறிஸ்தவ சமயத்தை முதன்முதல் போதித்தவர். மணப்பாட்டிலும் தூத்துக்குடியிலும் தமிழில் ஜபங்களைச் சொல்லிக்கொடுத்த அவர், 1549 ஆகஸ்டு 15ஆம் நாள் ஜப்பானின் தென்பகுதியிலுள்ள காகோஷிமாவில் இறங்கினார். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள், அதாவது 1584இல், அரிமா நாட்டுத் தலைவர் உரகாமி ஊரை ஏசு சபைக் குருமார்க்கு மானியமாக அளித்தார். ஊரார் அனைவரும் கிறிஸ்தவராயினர். அவ்வாழ்வு நீடிக்கவில்லை. 1587இல் ஹிடெயோஷி குருமாரை நாடு கடத்த ஆணை பிறப்பித்தான். 1597இல் இருபத்தாறு பேர் நாகசாகியில் சிலுவையில் அறையுண்டு மாண்டனர். 1614இல் தேசமெங்கும் அச்சமயம் விலக்கப்பட்டது.

இதன்பின் இருநூற்றைம்பது ஆண்டுகள் அவ்வூரில் குருவும் இல்லை, கோயிலும் இல்லை, அச்சிட்ட புத்தகமும் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் ஏதேனும் ஒரு பௌத்த மடத்தில் பெயர் பதிந்து, பிணத்தை அம்மடத்தார் சடங்கின்படியே அடக்கவேண்டும் என்பது சட்டம். ஆண்டுதோறும் ஊர்த்தலைவர் வீட்டில் ஊரார் ஒருவர்பின் ஒருவராகச் சென்று, தரையில் வைத்த இயேசு அல்லது மரியம்மையின் உருவத்தை மிதித்துக் காட்டவேண்டும். மிதித்தவர் வீடு திரும்பி, பாவத்துக்கு வருந்தும் மந்திரத்தை மெல்லிய குரலிற் சொல்லி அழுவர். இவ்வளவுக்கு இடையிலும் அவர்கள் தம்முள் மூவகைப் பணியாளரை வகுத்துக்கொண்டனர்: திருநாட்களைக் கணித்துக் கூறும் தலைவர் ஒருவர், குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பவர் ஒருவர், இவை குறித்த செய்தியை வீடுவீடாக இரகசியமாய்ச் சொல்பவர் ஒருவர். ஏட்டில் எழுதினால் அகப்படும் என்று வாய்மொழியாகவே பலவற்றைக் காத்தனர். தமிழ் படித்த நமக்கு வாய்மொழியாகக் காத்தல் புதிதன்று. எனினும் பிறர் காதில் விழுந்தால் உயிர்போகும் என்ற அச்சத்தோடு ஏழு தலைமுறை காத்தல் வேறு.

அந்நியர்க்குத் துறைமுகம் திறக்கப்பட்டபின், அயல்நாட்டார் வழிபாட்டுக்கென்று பிரெஞ்சுக் குருமார் நாகசாகியில் ஓஉரா என்னுமிடத்தில் ஒரு கோயில் எடுத்தனர். 1865 மார்ச்சு 17ஆம் நாள் உரகாமியினின்று பதினைவர் அளவினராகச் சிலர் வேடிக்கை பார்ப்பவர் போல் அங்கு வந்தனர். பெத்திஜான் என்னும் குரு வழிபாட்டில் இருந்தார். அவர்களுள் ஒரு பெண் அணுகி, தங்கள் இதயமும் அவர் இதயமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, மரியம்மை உருவம் எங்கே என்று வினவினாள். அழிந்தொழிந்தது என்று ஐரோப்பா முழுவதும் எண்ணியிருந்த ஒரு சபை ஒரு பெண்ணின் வாயால் தான் இருப்பதை அறிவித்தது.

மறைவு நீங்கியதே அவர்க்கு இடராய் முடிந்தது. 1867இல் இறந்தவரைப் பௌத்த சடங்கின்றி அடக்கத் தொடங்கினர். ஒளிந்து வழிபடுதலைக் கண்டும் காணாததுபோல் இருந்த அதிகாரிகள் இதனைப் பொறுக்கவில்லை. ஜூலை மாதத்து ஓர் இரவில் ஊரை வளைத்து அறுபத்தெட்டுப் பேரைப் பிடித்தனர். ஈண்டு ஒரு செய்தியை மறைத்தல் ஆகாது. கைது செய்யும் ஏவற்பணிக்கு அதிகாரிகள் அனுப்பியவர்களுள், அதே உரகாமியில் அயலே வாழ்ந்த, தோல்வேலை செய்து தீண்டத்தகாதார் எனப் பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்களும் இருந்தனர். மேலோர் கீழ்ப்படுத்திய இரு கூட்டத்தாரை அரசு ஒருவர்மேல் ஒருவரை ஏவிற்று. அந்த இரவின் கசப்பு இரு திறத்தாரிடத்தும் தலைமுறை தலைமுறையாகத் தங்கிற்று. ஏவியவரை மறந்து ஏவப்பட்டவரையே பகைத்தல் உலகெங்கும் காணப்படும் இயல்பு போலும்.

சிறைப்பட்டோர் வாதனையின் மிகுதியால் சமயத்தை விட்டோம் என்று சொன்னபோதும், தகாகி செனெமோன் என்னும் ஒருவர் மட்டும் சொல்ல மறுத்தார். அவர் உறுதியைக் கண்ட ஏனையோர் வெட்கித் தம் சொல்லை மீட்டுக்கொண்டனர். 1868இல் ஷோகுனாட்சி நீங்கி மெய்ஜிப் பேரரசர் ஆட்சி வந்தது. ஆட்சி மாறியும் ஆணை மாறவில்லை. மாறாகக் கடுமை மிகுந்தது. அவ்வாண்டு தலைவர் 114 பேரும், 1870இல் குழந்தை, கிழவர், கர்ப்பிணி என்ற வேறுபாடின்றி எஞ்சிய ஊரார் யாவருமாக ஏறக்குறைய 3,400 பேர் இருபதுக்கு மேற்பட்ட இடங்களுக்கு நாடுகடத்தப்பட்டனர். சுவானோ என்னும் மலைநாட்டில் பனி உறைந்த குளத்து நீரில் இறக்கியும், நிமிர்ந்து நிற்கவொண்ணாத சிறு கூண்டில் அடைத்தும் வருத்தினர். அறுநூற்றுக்கு மேற்பட்டோர் அந்நிலங்களிலேயே மாண்டனர். தப்பியவர்கள் பின்னாளில் இந்நிகழ்ச்சியை வதை என்றோ சிறை என்றோ வழங்கவில்லை. 'பயணம்' என்ற ஒரு சொல்லாலேயே குறித்தனர். அச்சொல்லின் அடக்கத்தை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பு மிகுகிறது.

மேனாட்டு அரசுகள் இக்கொடுமையைக் கண்டித்தன. ஒப்பந்தங்களைத் திருத்தவேண்டி அந்நாடுகளுக்குச் சென்ற ஜப்பானியத் தூதுக்குழுவினர், சமய வதையால் தம் தேசம் பெயரிழந்தது என்பதை அங்கு உணர்ந்தனர். 1873 பிப்ரவரியில், கிறிஸ்தவ சமயம் தடுக்கப்பட்டது என்று தெருக்களில் நாட்டியிருந்த பலகைகள் எடுக்கப்பட்டன. பயணம் போனோர் ஊர் திரும்பினர்.

ஊர் என்று சொல்ல அங்கு என்ன இருந்தது? வீடுகள் பாழ், வயல்கள் புதர், ஏரும் மாடும் விதையும் இல்லை. அடுத்த 1874ஆம் ஆண்டிலேயே அப்பகுதியிற் சீதபேதி நோய் பரவிற்று. உரகாமியில் மட்டும் இருநூற்றுக்கு மேற்பட்டோர் வீழ்ந்தனர். அதே கோடையில் பெரும் புயலும் அடித்தது. ஓஉராவில் அச்சுவேலைக்கென 1868இல் வந்திருந்த தெ ரோ என்னும் பிரெஞ்சுக் குரு மருத்துவமும் அறிந்தவர். அவர் மருந்துப் பெட்டியோடு நாள்தோறும் உரகாமிக்கு நடந்து வந்தார். ஒரு குரு எத்தனை வீடு நுழைவார்? அப்போது அவர்க்குத் துணையாக முன்வந்தவர் இவனாக மாகி என்னும் இருபத்தைந்து வயதுப் பெண். ஒகாயாமாப் பக்கத்துக்குக் கடத்தப்பட்டுத் தந்தையையும் தங்கையையும் அங்கே இழந்து, ஓராண்டுக்கு முன்னர்த்தான் வெறுங்கையோடு வந்தவர் அவர். அவருடன் வேறு சில பெண்களும் சேர்ந்தனர். நோய் தம் வீட்டாரைத் தொற்றாதிருக்கும்பொருட்டு இவர்கள் வீடு செல்லாது, மேலே சொன்ன தகாகி செனெமோனின் களஞ்சியக் கொட்டிலில் படுத்துறங்கிப் பகலெல்லாம் நோயாளிகளின் அழுக்கைக் கழுவினர்.

உரகாமியில் நோய் தணிந்ததும் அவர்கள் கலைந்து தத்தம் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. துறைமுகத்து வாயிலுக்கருகே காகேனோஉ என்ற தீவில் வைசூரி கண்டது என்று கேட்டு அங்கும் சென்றனர். திரும்புகையில், பெற்றோரை இழந்த தாயோ என்னும் பெண்குழந்தை ஒன்றை மாகி கையில் ஏந்தி வந்தார். தமக்கே உணவு போதாத காலம் அது. அக்குழந்தையின் பின் கைவிடப்பட்ட வேறு குழந்தைகளும் ஒவ்வொன்றாக வந்தன. அப்பெண்கள் ஒரு குடிலில் கூடி வாழ்ந்து, உழுதும் நெய்தும் அவற்றை வளர்த்தனர். இதுவே உரகாமியின் அனாதை இல்லமாயிற்று. மணம் செய்யாது இப்பணிக்கே வாழ்வளித்த அப்பெண்கள் கூட்டம் பின்னர் சிலுவைச் சங்கம் என்னும் பொருளுடைய பெயர் பெற்றது. நாகசாகியைச் சூழ்ந்த தீவுகளிலும் இதுபோன்ற பெண்கள் இல்லங்கள் தோன்றின. மாகி 1920இல் காலமானார்.

சபை புத்துயிர் பெற்றதை எழுதுவோர் 1865ஆம் ஆண்டையே கூறுவர். எம் கருத்து வேறு. 1865இல் அவர்கள் தம்மை இன்னார் என்று பிறர்க்கு வெளிப்படுத்தினர், அவ்வளவே. தமக்கென ஒளித்துக் காத்த ஒன்றைப் பிறர்க்கெனச் செலவிடத் தொடங்கியது 1874இல், அக்கொட்டிலிலே. தெ ரோ குருவும் 1879இல் சொத்தோமே என்னும் ஏழைக் கடற்கரைக்கு மாற்றப்பட்டபோது இவ்வழியையே மேற்கொண்டு, கோயிலோடு நில்லாமல் பெண்களுக்குத் தொழில் கற்பிக்கும் இல்லம் அமைத்து, நெசவும் சேமியா போன்ற மாவுப் பண்டம் செய்தலும் பயிற்றினார்.

1880இல் உரகாமியார் ஒரு நிலத்தை விலைக்கு வாங்கினர். அது எந்நிலம் எனின், தம் முன்னோர் ஆண்டுதோறும் திருவுருவத்தை மிதித்த அந்த ஊர்த்தலைவர் வீடு. அவ்வீட்டையே முதலில் கோயிலாக்கி, 1895இல் செங்கற் கோயிலுக்குக் கடைக்கால் இட்டனர். எடுப்பித்த குரு 1911இல் இறந்தார். 1914இல் கோயிலும் 1925இல் இரட்டைக் கோபுரமும் முடிந்தன. கோபுரங்களில் பிரான்சு தேசத்து மணி இரண்டு தொங்கின. ஏழைக் குடியானவர் முப்பதாண்டு உழைத்துக் கட்டிய அது கீழ்நாட்டில் மிகப் பெரிய தேவாலயங்களுள் ஒன்றாய் எண்ணப்பட்டது.

நிற்க. 1945 ஆகஸ்டு 9ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு நிகழ்ந்ததை யாவரும் அறிவர். யாவரும் அறியாதது ஒன்று உண்டு: அந்த விமானம் புறப்பட்டது நாகசாகியை நோக்கி அன்று, கொகுரா என்னும் வேறு நகரை நோக்கி. அங்கே வானம் தெளியாமையால் நாகசாகிக்குத் திரும்பிற்று. நாகசாகியிலும் நடு நகரைக் குறித்து வந்தவர்கள் மேகம் மறைத்தமையால் வடக்கே உரகாமியின்மேல் இட்டனர். கோயில் அவ்விடத்துக்கு அரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. மரியம்மை திருநாள் நெருங்கியமையால் பாவசங்கீர்த்தனத்துக்குக் கூடியிருந்தோரும் குருமார் இருவரும் அக்கணமே மாண்டனர். ஏறக்குறைய 12,000 சபையாரில் 8,500 பேர் அழிந்தனர். தோல்வேலை மக்களின் தெருவும் அதே நெருப்பில் அழிந்தது. முன்னர்க் கூறிய மலைகள் இடைநின்று காத்தமையால் பழைய நகரின் பெரும்பகுதி அத்துணைச் சேதமின்றித் தப்பிற்று.

நாகாய் தகாஷி என்பவர் நாகசாகி மருத்துவக் கல்லூரியில் கதிர்மருத்துவப் பேராசிரியர். மாணவராயிருந்தபோது உரகாமியில், மறைவுக்காலத் தலைவர் வழிவந்த மொரியாமா குடும்பத்தில் தங்கி, 1934இல் ஞானஸ்நானம் பெற்று, அவ்வீட்டு மகள் மிதோரியை மணந்தவர். கதிர்களோடு பழகியமையால் இரத்தப் புற்றுநோய் கண்டு, மூன்றாண்டே உயிர்வாழ்வு என்று 1945 ஜூனில் அறிந்தார். குண்டு வீழ்ந்த நாளில் தலையில் இரத்தக்குழாய் அறுந்து குருதி ஒழுக நோயாளிகளைப் பார்த்தார். இரண்டு நாட்களுக்குப்பின் வீடு சென்றபோது சமையலறை இருந்த இடத்தில் மனைவியின் எலும்புகளும் ஜபமாலையுமே கிடைத்தன. அவற்றை அடக்கிவிட்டு, உயிர்தப்பிய மாணவரையும் தாதியரையும் கூட்டிக்கொண்டு மித்சுயாமா மலையடிவாரத்தில் அக்டோபர் முதல்வாரம் கழியும்வரை வீடுவீடாகச் சென்று வைத்தியம் செய்தார். அதே நாட்களில் உரகாமிக் குன்றில் எரிந்துபோன மருத்துவமனையொன்றில் அகிசுகி தத்சுயிசிரோ என்ற இளம் வைத்தியர் மருந்தின்றிப் போராடினார். அவர் அந்நாளில் கிறிஸ்தவர் அல்லர். பௌத்தக் குடியிற் பிறந்தவர். இடர் வந்தவிடத்து அயலான் யார் என்பதற்கு இருவரையும் சேர்த்தே நினைத்தல் தகும்.

இனிச் சொல்லப்போவது நுண்ணிய பொருள். குண்டு பழைய நகரில் விழாது உரகாமியில் விழுந்ததைக் கண்ட நகரத்தார் சிலர், நம் தெய்வம் நம்மைக் காத்தது, அந்நிய சமயத்தார்க்கு இது தெய்வ தண்டனை என்று பேசினர். பிள்ளையை இழந்தவர் காதில் இது விழுந்தது. 1945 நவம்பர் 23ஆம் நாள் இடிபாட்டிடையே இறந்தோர்க்கு நடந்த வழிபாட்டில் நாகாய் பேசினார். இது தண்டனை அன்று, போர் முடியும்பொருட்டு மாசற்ற இச்சபை சர்வாங்க தகனபலியாக ஏற்கப்பட்டது என்னும் கருத்தை உரைத்தார். கேட்டவர் பலர் ஆறுதல் கொண்டனர். பின்னாளில் அறிஞரும் கவிஞரும் இதனைக் கடிந்தனர்: பலி என்றால் குண்டிட்டவர் குற்றமும், போரை நீட்டித்த தம் அரசின் குற்றமும் மறைந்துபோகும் அன்றோ என்றனர். அவர்கள் வினா நேரியதே. கடவுள் கொண்டார் என்று சொல்லிவிட்டால் மனிதனைக் கேள்வி கேட்க இடமில்லை. 1981 பிப்ரவரியில் ஜப்பான் வந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், போர் மனிதன் செய்யும் வேலை என்று ஹிரோஷிமாவில் வெளிப்படையாகக் கூறிய பிறகே உரகாமியில் வாய்திறவாதிருந்த பலர் தாம் கண்டதைப் பேசத் தலைப்பட்டனர். ஆயினும், நாகாய் அன்று பேசியது நூல்வல்லார் அவையில் அன்று. தண்டனை என்ற பழியைச் சுமந்து நின்ற தாய்தந்தையர் முன்னர். அப்பழியை அவர் தோளினின்று இறக்கினார் என்பதையும் நடுவுநிலையாளர் மறுத்தல் ஆகாது.

எஞ்சிய ஊரார் சும்மா இருக்கவில்லை. இரு மணிகளுள் சிறியது சிதறிப்போக, பெரியது இடிபாட்டுக்குள் முழுமையாய்க் கிடந்தது. அதைத் தோண்டியெடுத்து மரங்களை நாட்டித் தொங்கவிட்டு, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் இரவில் அடித்தனர். 1946இல் மரத்தாலான தற்காலிகக் கோயில் எழுந்தது. சபைத் தச்சர்கள் 1948இல் நோய்ப்படுக்கையிலிருந்த நாகாய்க்கு இரண்டு பாய் விரிக்குமளவான குடில் ஒன்று கட்டித்தந்தனர். பிறனைத் தன்னைப்போல் எண்ணுதல் என்ற பொருளுடைய பெயரை அவர் அதற்கு இட்டார். தாயற்ற தம் மக்கள் இருவரை அருகே வைத்துக்கொண்டு, மல்லாந்து கிடந்தபடியே பல நூல்களை எழுதினார். அவற்றால் வந்த பொருளில் பெரும்பகுதியை ஊர்க்கே அளித்தார். பரிசாகப் பெற்ற தொகையைக் கொண்டு வெந்த நிலத்தில் ஆயிரம் செர்ரி மரக்கன்றுகள் நடுவித்தார். எவ்வீட்டுக் குழந்தையும் வந்து படிக்குமாறு ஒரு சிறு புத்தகசாலை வைத்தார். படுக்கையில் கிடக்கும் ஒருவர் பாழூரில் முதலில் செய்யத்தக்கவற்றுள் குழந்தைகளுக்குப் புத்தகம் என்று கருதினார் என்பது ஆசிரியத் தொழில் செய்யும் எமக்குத் தனியே உவப்பூட்டுவது. அவர் 1951 மே 1ஆம் நாள் உயிர் நீத்தார்.

இடிந்த கோயிற் சுவர்களை என் செய்வது என்று பின்னர் ஒரு வழக்கு எழுந்தது. குண்டின் கொடுமைக்குச் சான்றாக அப்படியே நிறுத்துக என்றனர் நகரத்தார் பலர். முன்னோர் திருவுருவம் மிதித்த அதே நிலத்தில் வழிபாடு நடத்தலே தம் கடன், வேறிடம் கொள்ளோம் என்றனர் சபைத்தலைவர். 1958இல் இடிபாடு அகற்றப்பட்டு, 1959இல் புதிய கோயில் முடிந்தது. சுவரின் ஒரு துண்டு குண்டு வெடித்த இடத்துப் பூங்காவில் நிறுத்தப்பட்டது. உலகம் இழந்த சான்று பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் வாழும் சபையொன்றை நோக்கி, நீ பாழாகவே நின்று எமக்குப் பாடம் சொல் என்று கேட்க அயலார்க்கு எவ்வளவு உரிமை உண்டு என்பதும் எண்ணத்தக்கது.

புதிய கோயிலின் ஒரு கோபுரத்தில் பழைய மணி ஏறிற்று. மற்றது அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் வெறுமையாய் நின்றது. அணுகுண்டு செய்த வேலையில் பங்குகொண்ட வைத்தியர் ஒருவரின் பேரனான அமெரிக்கப் பேராசிரியர் ஒருவர், இச்சபையார் வரலாற்றை ஆராயச் சென்றவிடத்தில் இதைக் கேட்டு, தம் நாட்டுக் கத்தோலிக்கரிடம் பொருள் திரட்டி ஒரு மணி வார்ப்பித்து அனுப்பினார். 2025 ஆகஸ்டு 9ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு, எண்பது ஆண்டுகளுக்குப்பின் முதன்முறையாக, உரகாமியில் இரண்டு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.